ஊர் மாதர் சங்கத்துக்குக் கொழும்பில் ஒரு மேசை போடுவது எப்படி

உங்கள் ஊரில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. அதிலுள்ள பெண்கள் நெல்லும் குரக்கனும் எள்ளும் விளைவிக்கிறார்கள், பனங்கிழங்கைக் கிழித்து ஒடியல் காயவைக்கிறார்கள், மிளகாய்த்தூள் இடிக்கிறார்கள். நீங்கள் கொழும்பில் இருக்கிறீர்கள். அவர்களுடைய விளைச்சலை இங்கே கொண்டுவந்து, ஒழுங்காக விற்று, வாங்குபவருக்கு அந்த ஊரையும் கொஞ்சம் காட்டுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன். எனக்குப் பழக்கமானது வடக்கில் பூநகரிப் பக்கத்துச் சங்கம் ஒன்று. அதன் தலைவி என் மச்சாள். நான் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு கணக்கு வேலை பார்ப்பவள். ஆகவே விலை, கூலி, கொப்பி என்று வரும் இடங்களில் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன்.

தொடங்குமுன் ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். "போரால் பாதிக்கப்பட்ட பெண்களின் உற்பத்தி" என்று பதாகை கட்டினால் முதல் நாளே எல்லாம் விற்றுவிடும். அடுத்த மாதம் அதே ஆட்கள் மேசையைப் பார்க்காத மாதிரிப் போவார்கள், ஏனென்றால் அவர்கள் மனதில் கடமை முடிந்துவிட்டது. இரக்கத்தில் வாங்கிய அரிசி பல வீடுகளில் அலுமாரிக்குள்ளேயே கிடந்து வண்டு பிடிக்கும். மச்சாளுக்கும் அந்த மாதிரிப் பதாகையில் துளியும் விருப்பமில்லை. "நாங்கள் நல்ல அரிசி விளைவிக்கிறம் எண்டு எழுதுங்கோ, அது காணும்" என்றார். எங்கள் பதாகையில் இப்போது இருப்பது இவ்வளவுதான்: பூநகரி மொட்டைக்கறுப்பன், இந்தப் போக நெல்.

என்ன இருக்கிறதோ அதுதான் மேசைக்கு

கொழும்பில் எது விற்கும் என்று பட்டியல் போட்டு ஊருக்கு அனுப்புவதுதான் பெரும்பாலானோர் செய்வது. அதைச் செய்யாதீர்கள். மாதம் பிறக்கும்போது தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இப்ப என்ன இருக்கு? இருப்பது வரட்டும். பட்டியலை நிரப்புவதற்காக அவர்கள் சந்தையில் வாங்கிச் சேர்த்து அனுப்பத் தொடங்கினால், அந்தச் சாமான் புறக்கோட்டையில் இதைவிட மலிவாகக் கிடைக்கும். உங்களிடம் ஏன் வாங்க வேண்டும்?

எங்கள் பக்கத்து வயல்கள் பெரும்பாலும் மானாவாரி. புரட்டாசி ஐப்பசியில் விதைத்து மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காலபோக அறுவடை தை, மாசியில். மொட்டைக்கறுப்பன் அவசரப்படாத நெல். தைப்பொங்கலுக்குப் புதுஅரிசி வேண்டுமென்று வெள்ளவத்தையில் எல்லோரும் கேட்பார்கள், சில வருடங்களில் அந்த நேரம் வயல் இன்னும் வெட்டுக்கு வந்திராது. வராது என்றால் வராது என்று சொல்லிவிடுங்கள். உழுந்து, பயறு, குரக்கனும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் கைக்கு வரும். மார்கழி தொடங்கிப் பங்குனி வரை பனங்கிழங்கு. அதைக் கிழித்துப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். வேம்பு பூக்கும் பங்குனி, சித்திரையில் வடகம் போடுவார்கள். வைகாசி, ஆனியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். நெல் வெட்டிய தறையில் விதைத்த எள்ளு ஆனி, ஆடியில் வீட்டுக்கு வரும். அதே நேரம் காட்டில் பாலைப்பழம் பழுக்கும், ஆனால் அது கொழும்புப் பயணம் தாங்காது. ஆசைப்பட்டுக் கொண்டுவந்தால் பெட்டிக்குள் பால் மட்டும்தான் மிஞ்சும். ஆவணியில் பனம்பழம், அதிலிருந்து பணியாரமும் பனாட்டும். கார்த்திகையில் கடும் மழை, எதையும் காயவைக்க முடியாது. அந்த மாதம் பனங்கட்டி, மிளகாய்த்தூள், மோர்மிளகாய் தவிர மேசையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. மேசையே போடாமல் விட்டாலும் பாதகமில்லை.

இதை ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் "இந்த மாதம் இருப்பது", மறுபக்கம் "அடுத்த மாதம் வருவது". என் அனுபவத்தில் எந்த விளம்பரமும் செய்யாத வேலையை இந்த மட்டை செய்யும். "எள்ளு எப்ப வரும்?" என்று ஒருவர் ஆனி மாதம் தேடிவந்து கேட்கத் தொடங்கினால், அவருக்கு வயலின் கணக்கு விளங்கிவிட்டது. கொழும்பில் எல்லாம் எப்போதும் கிடைக்கும் என்று பழகியவர்களை அந்த இடத்துக்குக் கொண்டுவருவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. விற்பனை அதற்குப் பின்னால் வரும்.

பொதி கட்டுவதும் அனுப்புவதும்

யாழ்ப்பாணத்திலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் இரவில் வெளிக்கிட்டு விடியற்காலையில் வெள்ளவத்தைக்கு வரும் தனியார் பஸ்கள் பொதி ஏற்றும். வடக்கில் சொந்தம் உள்ள எந்தக் கொழும்பு வீட்டுக்கும் இது புதிதல்ல. முருங்கைக்காயும் மிளகாய்த்தூளும் இப்படித்தான் வந்துகொண்டிருக்கின்றன. பூநகரியிலிருந்து பொதியைப் பரந்தன் சந்திக்குக் கொண்டுவந்து ஏ9 வீதியில் போகும் பஸ்ஸில் ஏற்றலாம். ஏற்றுபவர் பஸ்ஸின் இலக்கத்தகட்டையும் பொதியையும் ஒரே படத்தில் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். நடத்துநரின் தொலைபேசி இலக்கமும் வேண்டும். பொதியில் பெறுபவரின் பெயரும் இலக்கமும் தடித்த மார்க்கரால் இரண்டு பக்கமும் எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் விடிய நாலு மணி இருட்டில் காலி வீதியோரத்தில் எல்லாச் சாக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அரிசி, உழுந்து சாக்கில் வரலாம். தூள் வகைகள் இரண்டு பையில், வாயை உருக்கி ஒட்டி வரட்டும். மிளகாய்த்தூள் கசிந்து பக்கத்துப் பயணியின் பெட்டிக்குள் போனால் அந்த பஸ் மறுபடி உங்கள் பொதியை ஏற்றாது. நல்லெண்ணெயும் தேனும் கண்ணாடிப் போத்தலில் வேண்டாம். மாம்பழத்தைப் பழமாக அனுப்பக் கூடாது: முற்றிய காயாகப் பிடுங்கி, காம்பில் பால் வடியவிட்டு, வைக்கோல் பரப்பி அடுக்கினால் கொழும்பில் இரண்டு மூன்று நாளில் பழுக்கும். முருங்கைக்காயைக் கட்டாகக் கட்டி ஈரச்சாக்கில் சுற்றுங்கள். கீரை வகை எல்லாம் வேண்டாம், இங்கே பக்கத்திலேயே விளைகிறது.

இடமும் நாளும்

நடைபாதையில் மேசை போட நினைக்காதீர்கள். மாநகரசபை அனுமதி வேண்டும், வெயில், புகை, பக்கத்துக் கடைக்காரரின் முறைப்பு. தொடர்மாடிகளில் கீழ்த்தளத்து வாகனத் தரிப்பிடம் ஞாயிறு காலையில் பாதி வெறுமையாக இருக்கும். முகாமைத்துவக் குழுவுக்குக் கடிதம் கொடுத்து, துப்புரவு செய்து தருவோம் என்று எழுதிக் கையொப்பமிட்டால் பெரும்பாலும் விடுவார்கள். கோயில் மண்டபம், பாடசாலைப் பழைய மாணவர் சந்தை, சங்க மண்டபங்களும் சரிவரும். கொஞ்சம் காலூன்றிய பிறகு, கொழும்பு 7 இல் ரேஸ்கோர்ஸ் மைதானப் பக்கம் சனிக்கிழமைகளில் கூடும் குட் மார்க்கெட்டுக்கு விண்ணப்பிக்கலாம். 2012 இல் தொடங்கியது அது. யார் செய்தது, எப்படிச் செய்தது என்று பார்த்துத்தான் சேர்ப்பார்கள், ஆகவே எழுத்து வேலை இருக்கும். அங்கே வரும் ஆட்களும் வேறு மாதிரி. வெள்ளவத்தையில் விற்பதெல்லாம் அங்கே விற்காது, குரக்கன் மாவும் தேனும் விற்கும்.

அரசாங்கமே நடத்தும் மாதிரி ஒன்றையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் உணவகங்களிலும், வடக்கில் அம்மாச்சி உணவகங்களிலும் பெண்கள் ஆட்கள் பார்க்கப் பார்க்கவே சமைத்து விற்கிறார்கள். அடுப்பு மறைவில் இல்லை. வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போதே தோசை எப்படி வார்க்கிறார்கள், எந்த மாவு என்பதையெல்லாம் பார்த்துவிடுகிறார். நான் மேசை போடும் முறையில் பாதி அங்கே பார்த்துக் கற்றதுதான்.

நாள் ஞாயிறு. மேசையில் மீனும் நண்டும் போட்ட கூழும் விற்போம், அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். வெள்ளவத்தையில் வெள்ளிக்கிழமை மச்சம் எடுபடாது, புரட்டாசிச் சனியும் அப்படித்தான், கந்தசஷ்டி நாட்களைச் சொல்லவே வேண்டாம். நல்லூர்க் கொடியேறிவிட்டால் பாதி வெள்ளவத்தை யாழ்ப்பாணத்தில் நிற்கும். அந்தக் கிழமைகளில் கடைவிரிக்காமல் நீங்களும் போய்வாருங்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்கு முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வருபவர்கள் விலை கேட்டுவிட்டுப் போகிறவர்கள்.

விலை

இதில்தான் சங்கங்கள் உடைகின்றன, ஆகவே ஆறுதலாகப் படியுங்கள். ஊரில் விலை சொல்லச் சொன்னால், பக்கத்துக் கடை விலையைக் கேட்டு அதில் பத்து ரூபாய் குறைத்துச் சொல்வார்கள். தங்கள் கூலியைச் சேர்க்கவே மாட்டார்கள். "வீட்டில சும்மா இருக்கிற நேரத்தில செய்யிறதுதானே" என்பார்கள். கல் பொறுக்கிப் புடைக்கும் பெண் சும்மா இருக்கவில்லை. அந்த நேரத்தை எழுதுங்கள் என்று நான் ஒவ்வொரு முறையும் சண்டை பிடிப்பேன்.

ஒரு உதாரணம் போடுகிறேன். எண்கள் விளக்கத்துக்கு மட்டும்; உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். நெல் கிலோ 140 ரூபாய் என்று வைத்தால் 100 கிலோவுக்கு 14,000. அவித்து, காயவைத்து, ஆலையில் குற்ற 1,800. மொத்தம் 15,800. 100 கிலோ நெல்லில் 65 கிலோ அரிசி வருமென்று கணக்கிட்டால் கிலோ 243 ரூபாய் விழுகிறது. பலர் இந்த இடத்திலேயே நெல் விலையோடு ஐம்பது ரூபாய் சேர்த்து 190 என்று விற்கப் பார்ப்பார்கள், உமியாகவும் தவிடாகவும் போனதைக் கழிக்காமல். சரி, 243 உடன் புடைக்கும் கூலி 25, பையும் லேபலும் 12, பஸ் கூலி 20, மேசை வாடகைப் பங்கு 15 சேருங்கள்: 315. கிழிந்தது, சிந்தியது, விற்காமல் போனது என்று நூற்றுக்கு ஐந்து வீதம் வையுங்கள், 16 ரூபாய்: 331. விலையை 350 என்று போட்டால் சங்க நிதிக்குக் கிலோவுக்கு 19 ரூபாய் மிஞ்சும். அந்த 19 ரூபாயில்தான் அடுத்த போகத்து விதைநெல்லும் ஆலைக் கட்டணமும் இருக்கிறது. அதை விட்டுக்கொடுத்துப் பேரம் பேசினால் நட்டம் மேசைக்கு அல்ல, அங்கே வயலுக்கு.

பேரம் பேசுபவர்களைப் பற்றி ஒன்று. சுப்பர்மார்க்கெட்டில் ஒட்டியிருக்கும் விலையை வாய் திறக்காமல் கொடுக்கும் அதே அம்மா, மேசைக்கு வந்ததும் "இருபது ரூபாய் குறைக்க மாட்டீர்களா" என்பார். சிரித்துக்கொண்டு, மேலே எழுதிய கணக்கை ஒரு தாளில் காட்டுங்கள். நான் அச்சடித்தே வைத்திருக்கிறேன். வாசித்த பிறகு குறைக்கச் சொன்னவர்கள் குறைவு.

பணத்தைப் பொறுத்தவரை, கடைகள் "வைத்துவிட்டுப் போங்கள், விற்றபின் தருகிறோம்" என்று கேட்கும். மறுத்துவிடுங்கள். அப்படி வைத்த சாமானின் காசுக்காக மாதக்கணக்கில் நடக்க வேண்டிவரும், திருப்பித் தரும்போது பாதி பழுதாகியிருக்கும். பெண்களுக்குப் பொதி புறப்படும்போதே பாதிக் காசு போக வேண்டும், மீதி விற்பனை முடிந்த கிழமை. அதற்கு ஒரு சிறு முதல் தேவை. கொழும்பில் உள்ள ஊரவர் சிலரிடம் வட்டியில்லாமல் வாங்கி எழுத்தில் கொடுங்கள். வாடிக்கையாளர்கள் இப்போது கியூஆர் குறியீட்டை ஸ்கான் பண்ணித்தான் கட்டப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், இரண்டு கையொப்பத்தோடு. நீங்கள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் உங்கள் சொந்தக் கணக்குக்குக் காசு வரக்கூடாது. அப்புறம் ஒரு கொப்பி: வந்தது, விற்றது, மிஞ்சியது. ஞாயிறு மதியம் மேசை மடிக்குமுன் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துச் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் போடுங்கள். எல்லோரும் பார்ப்பார்கள், யாருடைய உழுந்து எவ்வளவு போனது என்று. ஊரில் வரக்கூடிய முக்கால்வாசிச் சண்டை அதோடு நிற்கும்.

சட்டமும் லேபலும்

சங்கத்தின் பெயரிலோ குழுவின் பெயரிலோ வியாபாரப் பெயரை அவர்களுடைய பிரதேச செயலகத்தில் பதியச் சொல்லுங்கள். உணவு சமைக்கும், பொதியிடும் இடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்திருக்க வேண்டும். பீ.எச்.ஐ. என்றால் பயப்படுவார்கள், உண்மையில் முன்கூட்டியே அழைத்துக் காட்டினால் எங்கே வலை அடிக்க வேண்டும், தண்ணீரை எப்படி மூட வேண்டும் என்று அவரே சொல்லித்தருவார். உணவு விற்பனையை ஆளும் சட்டம் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம். லேபலில் பொருளின் பெயர், சேர்மானம், நிறை, செய்த திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், செய்தவரின் பெயர் முகவரி, விலை எல்லாம் இருக்கட்டும், மூன்று மொழியிலும். தராசுக்கு வருடா வருடம் முத்திரை குத்த வேண்டும். சமையலறைத் தராசைக் கொண்டுவந்து விற்காதீர்கள்.

லேபலில் போடக்கூடாதவை இரண்டு. குரக்கன் மாவில் "சீனி வருத்தத்தை மாற்றும்" என்று எழுதச் சொல்லி யாராவது கட்டாயம் ஆலோசனை தருவார்கள். மாற்றாது. எழுதினால் சட்டத்திலும் மாட்டுவீர்கள். மற்றது சேதன விவசாயம், ஓர்கானிக் என்ற சொற்கள். சான்றிதழ் இல்லாமல் போடாதீர்கள். எங்கள் பெண்களில் சிலர் மாட்டெருவும் இலைதழையும் மட்டும் போடுகிறார்கள், சிலர் யூரியாவும் போடுகிறார்கள். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாக நிறுத்தி, நாட்டின் நெல் விளைச்சல் விழுந்து, அதே வருட நவம்பரில் தடையை விலக்கியதை அவர்கள் வயலில் நின்று பார்த்தவர்கள். ஆகவே இந்தப் பேச்சில் அவர்களுக்குக் கொழும்பாரைவிடத் தெளிவு அதிகம். யார் என்ன போட்டார் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். "இந்த அரிசிக்கு ஒருமுறை யூரியா போட்டது" என்று மட்டையில் எழுதி விற்றிருக்கிறோம். வாங்கினார்கள்.

அடுப்பை மூட்டுங்கள்

விளைவித்த பெண்ணே மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டும். இது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் சாதாரணப் பலசரக்கு. மாதம் ஒருமுறையாவது இரண்டு பேர் வரட்டும். தனியாக ஒருவரை இரவு பஸ்ஸில் அனுப்பாதீர்கள், தலைவியே எப்போதும் வருவதும் சரியில்லை, முறை வைத்து வரட்டும். பயணச்செலவு, சாப்பாடு, அந்த நாளுக்கான கூலி மூன்றும் விலைக்குள் இருக்க வேண்டும். தங்குவதற்கு ஒரு வீடு, குளிக்க வசதி, வந்த களைப்புக்குச் சூடாக ஒரு தேத்தண்ணி. கட்டாயம் ஒன்று: சிங்களம் பேசக்கூடிய ஒரு பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டும். வாங்க வருபவர்களில் பாதிப்பேர் சிங்களவர்கள், அவர்களுக்குக் கேள்விகள் அதிகம், பொறுமையும் அதிகம்.

உழுந்துக்குள் வண்டு ஊர்வதைப் பார்த்து ஒரு அம்மா முகத்தைச் சுளித்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன் எங்கள் அக்கா ஒருவர் முந்திக்கொண்டார்: "மருந்து போடேல்லை அம்மா, அதுதான். கொண்டுபோய் ஒருநாள் வெயிலில பரப்பி விடுங்கோ, ஓடிப்போயிடும்." அந்த அம்மா இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனார். நான் சொல்லியிருந்தால் அது வியாபாரப் பேச்சாகத்தான் கேட்டிருக்கும்.

சமைப்பதென்றால் ஒடியற்கூழைப் போல ஆளை இழுப்பது வேறில்லை. ஒடியல் மாவைச் சில மணிநேரம் தண்ணீரில் ஊறவிட்டு, மா அடியில் படிந்ததும் மேல்தண்ணீரை வடித்து ஊற்றுங்கள். கசப்புப் போக இதை இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். பெரிய பானையில் ஒரு பிடி அரிசி, பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, மீன்தலை, நண்டு, இறால் போட்டு அவியவிடுங்கள். மீன் நண்டை இங்கே வெள்ளவத்தையில் அன்று காலையே வாங்கலாம். எல்லாம் அவிந்ததும் முருங்கையிலை. செத்தல் மிளகாய், மிளகு, மஞ்சளை அரைத்து, புளியோடும் வடித்த மாவோடும் கரைத்துப் பானையில் விட்டு, அடிப்பிடிக்காமல் துழாவுங்கள். தடித்து வந்ததும் இறக்கலாம். உப்பும் புளியும் ஒருவர் மட்டும் பார்த்தால் போதும்; நாலு பேர் பார்த்தால் பானை கெடும். மச்சம் தின்னாதவர்களுக்குச் சிறு பானையில் மரக்கறிக் கூழ் தனியாக வையுங்கள், அகப்பையும் தனியாக.

பனையோலைப் பிளாவில் ஊற்றிக் கொடுங்கள். ஓலையை ஊரிலிருந்தே கட்டி வரலாம், கிடைக்காவிட்டால் பலா இலையைக் கோலி ஈர்க்கால் குத்தலாம். ரெஜிபோம் பெட்டிக்கு 2017 முதல் தடை, ஆகவே அந்த யோசனை வேண்டாம். காஸ் அடுப்பு மூட்டுவதற்குத் தொடர்மாடிக் குழுவிடம் தனியாக அனுமதி கேளுங்கள். மேசைக்குக் கிடைத்த அனுமதி அடுப்புக்கும் சேர்த்தல்ல. ஒரு பிளாவில் கூழ் குடித்தவர் பெரும்பாலும் ஒடியல் மா வாங்குவார். வாங்கியவர் வீட்டில் ஊறவிடாமல் அப்படியே கரைத்து, கசந்துபோய், அடுத்த ஞாயிறு பையோடு வந்து நிற்பார். மேலே உள்ள செய்முறையை மூன்று மொழியிலும் துண்டில் அடித்து ஒவ்வொரு பையிலும் ஒட்டினால் அது நடக்காது.

ஆட்களை ஊருக்குக் கூட்டிப்போவது

மேசைக்குத் தொடர்ந்து வருபவர்களில் சிலர் "உங்கள் ஊரைப் பார்க்கலாமா" என்று கேட்பார்கள். பார்க்கட்டும். தை கடைசி அல்லது மாசி நல்ல நேரம், அறுவடையும் பனங்கிழங்கும் சேர்ந்துவரும். கிளிநொச்சி வரை ரயில், அங்கிருந்து வான் பிடித்துப் பரந்தன் வழியாகப் பூநகரி. திரும்பும்போது சங்குப்பிட்டிப் பாலத்தால் யாழ்ப்பாணம் போகலாம். 2011 இல் திறந்த பாலம், அதற்கு முன் அந்தப் பக்கத்துப் பயணம் பெரும்பாடு.

போகுமுன் இரண்டு விஷயத்தைச் சொல்லிவையுங்கள். அரிவாளோடு பெண்கள் வரிசையாகக் குனிந்து வெட்டும் காட்சியை எதிர்பார்த்து வருவார்கள். இப்போது பெரும்பாலும் மெசின் வெட்டுத்தான். ஒரு காலைக்குள் வயல் முடிந்துவிடும். படமெடுக்க வந்தவருக்கு ஏமாற்றம், மச்சாளுக்கு இடுப்பு மிச்சம். அடுத்தது, கேட்காமல் யாருடைய வீட்டையும் முற்றத்தையும் படமெடுக்கக் கூடாது. குறிப்பாகக் கட்டி முடியாத வீடுகளை.

பிள்ளைகளுக்குப் பனங்கிழங்குப் பாத்தி கிண்டும் வேலையைக் கொடுங்கள். மண்ணுக்குள் கையை விட்டுக் கிழங்கைப் பிடுங்குவதில் அவர்களுக்கு நேரம் போவதே தெரியாது, கொழும்புத் தாய்மார் உடுப்பைப் பற்றிக் கவலைப்பட்டாலும். பெரியவர்கள் கிழங்கு கிழிப்பதையோ உழுந்து புடைப்பதையோ செய்து பார்க்கட்டும். சுளகைப் பிடித்த ஐந்து நிமிடத்தில் புடைக்கும் கூலி 25 ரூபாய் ஏன் என்ற கேள்வி வராது.

மதியச் சாப்பாட்டைச் சங்கம் சமைத்துத் தரும், ஆளுக்கு இவ்வளவு என்று முன்னரே பேசிவிடுங்கள். விருந்தாளிகள் வந்தார்கள் என்று காசு வாங்க மறுப்பார்கள். மறுத்தாலும் சங்கக் கணக்கில் போட்டு, பற்றுச்சீட்டு வாங்குங்கள். மலசலகூடம் உள்ள வீடுகள் எவை, வயதானவர்கள் எங்கே இருந்து இளைப்பாறலாம் என்பதையும் அவர்களோடு பேசி ஒழுங்கு செய்யுங்கள். எத்தனை பேர் என்பதை நாலு நாள் முன்னதாகவே உறுதியாகச் சொல்ல வேண்டும், முற்பணத்தோடு. மீனை அன்று காலையில் வாங்கலாம், ஆனால் தேங்காய், மரக்கறி, குடிதண்ணீர் எல்லாம் முன்பே சேர்க்க வேண்டியவை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் விட்டவரின் முற்பணம் திரும்பிப் போகாது என்பதைக் காசு வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.